நெருக்கடியான ஊருக்குள்ள காம்பாக்ட் டிரான்ஸ்மிஷன் லைன் டிசைன்: புதுசா வர்றவங்களுக்கு ஒரு வழிகாட்டி

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், காம்பாக்ட் லைன்னா (கம்மியான அகலத்துல அடங்கற ஹை வோல்டேஜ் மின் பாதை) டவரைச் சின்னதா வரையறது இல்ல. புதுசா வர்ற பலபேர் பழைய லாட்டிஸ் டவர் (இரும்புச் சட்டம் பின்னின டவர்) டிராயிங்கை எடுத்து கிராஸ் ஆர்மை (கம்பியைத் தாங்க பக்கவாட்டுல நீட்டற கை) ரெண்டு பக்கமும் கொஞ்சம் நறுக்கிட்டு "காம்பாக்ட் ஆயிடுச்சு சார்"னு கொண்டாந்து நீட்டுவாங்க, நானும் ஒரு காலத்துல அதைத்தான் பண்ணேன், வாங்கியும் கட்டிக்கிட்டேன். ஊருக்குள்ள இடத்தை முழுங்கறது டவர் இல்லங்க, ரெண்டு டவருக்கு நடுவுல காத்துல ஆடுற கம்பி. அந்த ஆட்டத்தை எவ்வளவு அடக்கறோமோ அவ்வளவுதான் காரிடார் (லைனுக்காக ஒதுக்கற இடத்தோட அகலம்) குறையும். கீழ சொல்ற எல்லாமே சுத்திச்சுத்தி இங்கதான் வந்து நிக்கும்.

படி 1: பேப்பர்ல ஒரு கணக்கு போட்டுப் பாருங்க

சாஃப்ட்வேரைத் திறக்கறதுக்கு முன்னாடி கையால ஒரு தடவை போடுங்க, அப்பதான் எது எதை இழுக்குதுன்னு உறைக்கும். 220 கே.வி. லைன், ஜீப்ராங்கற வகைக் கண்டக்டர், அதாவது கம்பின்னு வெச்சுக்கலாம். விட்டம் 28.62 மில்லிமீட்டர், ஒரு மீட்டருக்கு 1.62 கிலோ எடை. இழுவிசை அதோட உடையும் பலத்துல அஞ்சுல ஒரு பங்கு, சுமாரா 2600 கிலோ. தொய்வு கண்டுபிடிக்க, ஒரு மீட்டர் எடையை ஸ்பானோட (ரெண்டு டவருக்கு நடுவுல இருக்கற தூரம்) வர்க்கத்தால பெருக்கி இழுவிசையோட எட்டு மடங்கால வகுக்கணும், அவ்வளவுதான். 300 மீட்டர் ஸ்பானுக்கு தொய்வு 7 மீட்டர் வரும். அதே கம்பி, அதே இழுவிசை, ஸ்பானை 150 ஆக்கினா 1.75 மீட்டர். பாதி ஸ்பான், கால் தொய்வு.

இப்ப காத்து. சதுர மீட்டருக்கு 45 கிலோ அழுத்தம்னா கம்பி மேல ஒரு மீட்டருக்கு 1.29 கிலோ பக்கவாட்டுல தள்ளும், எடை 1.62, ஆக கம்பி கிட்டத்தட்ட 38 டிகிரி சாயும். சாதாரண லைன்ல 2.3 மீட்டர் நீளத்துக்கு இன்சுலேட்டர் ஸ்ட்ரிங்கும் (டவருக்கு மின்சாரம் பாயாம கம்பியைத் தாங்கற கோர்வை) தொங்கிக்கிட்டு இருக்கும், அதுவும் சேர்ந்து ஆடும். அப்ப 7 ப்ளஸ் 2.3, அதுல 0.62 பங்கு (38 டிகிரியோட சைன்), சுமார் 5.8 மீட்டர் கம்பி வெளிய போகுது. இதோட கிராஸ் ஆர்ம் நீளம் 4.5, கட்டடத்துக்கு விடவேண்டிய இடைவெளி 3.8 (இது உதாரணத்துக்கு நான் வெச்சது, உங்க நாட்டு விதியில என்ன இருக்கோ அதைப் போட்டுக்கோங்க), மொத்தம் ஒரு பக்கம் 14 மீட்டர், ரெண்டு பக்கமும் சேர்த்து 28.

அதே லைனை 150 மீட்டர் ஸ்பான்ல, இன்சுலேட்டர் ஆடாத மாதிரி புடிச்சு வெச்சுப் போட்டா என்ன ஆகுது பாருங்க. வெளிய போறது 1.1 மீட்டர்தான், ஆர்ம் 2.4, இடைவெளி அதே 3.8. ஒரு பக்கம் 7.3, மொத்தம் 15க்கும் கம்மி. ஆர்மைக் குறைச்சதுல கிடைச்சது ஒரு பக்கம் ரெண்டு மீட்டர், ஆட்டத்தைக் குறைச்சதுல கிடைச்சது கிட்டத்தட்ட அஞ்சு மீட்டர். இதுக்குத்தான் நறுக்கின டவரைப் பாத்துட்டு என் சீனியர் அன்னைக்கு சிரிச்சார்.

ஒரு எச்சரிக்கை: இந்த 1.75 மீட்டர் சாதாரண வெப்பநிலையில வர்றது. ஸ்பான் குட்டையா இருந்தா சூடு ஏற ஏற இழுவிசை சட்டுனு விழும், தொய்வு விகிதத்துல நீளமான ஸ்பானைவிட ஜாஸ்தியா ஏறும். அதனால தரையில இருந்து இருக்கற உயரத்தை எப்பவும் கம்பி ஃபுல்லா சூடேறின நிலையில பாருங்க, ஆட்டத்தை மட்டும் காத்தடிக்கற நிலையில பாருங்க. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கறது ரொம்ப சகஜமா நடக்கற தப்பு.

படி 2: ரூட்டு, வளைவு

ஊருக்குள்ள ரூட்டுன்னா பெரும்பாலும் ரோட்டு ஓரம், கால்வாய் ஓரம், ரயில் பாதை ஓரம், இல்லன்னா ஏற்கெனவே ஓடற பழைய குறைஞ்ச வோல்டேஜ் லைனோட காரிடார். கடைசியில சொன்னது கிடைச்சா விட்டுடாதீங்க, அனுமதி வாங்கற தலைவலி பாதியா குறையும்.

ரோடு வளையற இடமெல்லாம் லைனும் வளையும், வளைவு ஒவ்வொண்ணும் காசு. ஊருக்குள்ள லாட்டிஸ் டவருக்குப் பதிலா மோனோபோல், அதாவது ஒத்தைக் கம்பம்தான். நேரா போற போல்ல கம்பி மேல அடிக்கற காத்து மட்டும்தான் பக்கவாட்டு பாரம், 150 மீட்டருக்கு ஒரு கம்பிக்கு 195 கிலோ மாதிரி. டபுள் சர்க்யூட்னா (ஒரே போல்ல ரெண்டு லைன், ஒவ்வொண்ணுக்கும் மூணு கம்பி) ஆறு கம்பி, சராசரி உயரம் 27 மீட்டர்னு வெச்சா அடியில 31 டன் மீட்டர் மொமென்ட் (விசையை உயரத்தால பெருக்கினது, போலை அடியில வளைக்கப் பாக்கறது). அதே மோனோபோல் 30 டிகிரி வளைவுல நின்னா, காத்து நேரத்துல கம்பி இழுவிசை 4000 கிலோன்னு எடுத்தா கூட ஒரு கம்பி 2 டன்னுக்கு மேல உள்பக்கமா இழுக்கும், ஆறும் சேர்ந்து 12 டன், அடியில 335 டன் மீட்டர். பத்து மடங்குக்கு மேல! போல் மேல அடிக்கற காத்து, பாதுகாப்பு ஃபேக்டர் எதுவும் இன்னும் இதுல சேர்க்கல. அதனால மேப்ல கோடு போடும்போதே நாலு சின்ன வளைவு வர்ற இடத்துல கொஞ்சம் சுத்தினாலும் ரெண்டு வளைவுல முடிக்க முடியுமான்னு பாருங்க. வளைவுல ஸ்பானையும் இழுவிசையையும் குறைச்சு வெக்கறதும் ஒரு வழிதான், கம்பி ஆட்டமும் கட்டுக்குள்ள இருக்கும்.

பக்கத்துக் கட்டடம் இன்னைக்கு ரெண்டு மாடின்னா அப்படியேதான் நிக்கும்னு நினைச்சு கிளியரன்ஸ் விடாதீங்க. அனுமதிக்கப்பட்ட உச்ச உயரம் எவ்வளவோ அதுக்கு விடுங்க, வெளிய நீட்டிக்கிட்டு இருக்கற பால்கனி, விளம்பர போர்டு எல்லாத்தையும் லைடார் (லேசரால அளக்கற) சர்வேல புடிச்சுடுங்க.

படி 3: இன்சுலேட்டரைப் புடிச்சு வெக்கறது

காம்பாக்ட் லைனோட உயிர் இங்கதான் இருக்கு, கொஞ்சம் நிதானமா படிங்க.

தொங்கற ஸ்ட்ரிங்குக்குப் பதிலா மூணு வழி இருக்கு. ஒண்ணு, போல்ல இருந்து நேரா நீட்டிக்கிட்டு இருக்கற லைன் போஸ்ட் இன்சுலேட்டர், 132 கே.வி. வரைக்கும் சின்ன ஸ்பானுக்கு அதுவே போதும். ரெண்டாவது, அதே போஸ்டை மேல இருந்து இன்னொரு இன்சுலேட்டரால சாய்வா இழுத்துக் கட்டறது, பிரேஸ்டு போஸ்ட்னு சொல்வாங்க, போஸ்ட் அமுக்கத்துல இருக்கும், மேல் கை இழுவையில இருக்கும், முக்கோணம் ஆயிடறதால பாரம் நல்லா தாங்கும், 220க்கும் அதுக்கு மேலயும் இதுதான் அதிகம் போடறாங்க. மூணாவது, கிராஸ் ஆர்மை வெச்சுக்கிட்டே வி வடிவத்துல ரெண்டு ஸ்ட்ரிங். வி ஸ்ட்ரிங்ல கம்பி பக்கவாட்டுல ஆடாது, ஆனா ஆர்ம் அகலம் தேவை, அதனால குறுகின இடத்துக்கு ரெண்டாவதுதான் என் ஓட்டு.

அந்த ரெண்டாவதுல போஸ்டோட அடி எப்படி போல்ல மாட்டியிருக்குன்னு பாக்கணும். இறுக்கி போல்ட் பண்ணினா ஒரு பக்கம் கம்பி அறுந்தா அந்த இழுப்பு முழுக்க போஸ்ட்டை வளைச்சு முறிக்கப் பாக்கும். கீல் மாதிரி திரும்பற அடி வெச்சா, அறுந்த சமயத்துல மொத்த முக்கோணமும் லைன் திசையில திரும்பிக் கொடுத்து பாரத்தை இறக்கிடும், போலுக்கும் நல்லது. அப்ப கீல்தானே நல்லதுன்னு தோணும். அதுலயும் ஒரு வில்லங்கம் இருக்கு, கதவோட கீல் கோணலா இருந்தா கதவு தானா ஒரு பக்கம் போய் நிக்குமே, அதே கதைதான். கீலோட அச்சைச் சரியான பக்கம் கொஞ்சம் சாய்ச்சு வெச்சா கம்பியோட எடையே முக்கோணத்தை நடுவுல நிறுத்தி வெக்கும். எடை போதுமான அளவு இல்லன்னா நிக்காது, ஒரு பக்கமா மடங்கிப் போயிடும்.

எடை எப்ப இல்லாம போகும்? ரெண்டு பக்கத்து போலும் உயரமா, நடுவுல இருக்கறது பள்ளத்துல இருக்கும்போது. அந்த நடுப் போல் தாங்கற எடை ஸ்பான் (எவ்வளவு நீளக் கம்பியோட எடை அந்தப் போல் மேல விழுதுங்கறது) ரொம்பக் குறைஞ்சு, குளிர்ல கம்பி இறுகறப்ப மேல தூக்கவே ஆரம்பிச்சிடும். நான் ஒரு தடவை மேம்பாலத்தைத் தாண்டறதுக்காக ரெண்டு போலை உயர்த்திட்டு அடுத்த போலை அப்படியே விட்டுட்டேன், டிராயிங் செக் பண்ணினவர் சிவப்புப் பேனாவால அந்தப் போலைச் சுத்தி ஒரு வட்டம் மட்டும் போட்டு அனுப்பினார், ஒரு வார்த்தை எழுதல. அரை நாள் முழிச்சதுக்கு அப்புறம்தான் புரிஞ்சுது. அதுல இருந்து ஒவ்வொரு போலுக்கும் காத்து ஸ்பான் (எவ்வளவு நீளக் கம்பி மேல அடிக்கற காத்தை அந்தப் போல் தாங்குதுங்கறது), எடை ஸ்பான் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதி வெச்சுட்டுத்தான் மத்த வேலை. இன்சுலேட்டர் கம்பெனி செங்குத்து, பக்கவாட்டு, நீளவாட்டு பாரம் மூணும் சேர்ந்த கர்வ் குடுப்பாங்க, மூணும் ஒரே நேரத்துல அந்தக் கர்வுக்குள்ள இருக்கணும், தனித்தனியா பாத்து ஓகே போடக்கூடாது.

சரக்கு வாங்கும்போது சிலிக்கான் ரப்பர் உறை, உள்ள கண்ணாடி நார் ராடு. அந்த ராடு அமிலம் தாங்கற, போரான் இல்லாத நார்ல பண்ணினதான்னு கேட்டு எழுதி வாங்குங்க. சாதாரண நார்ல தண்ணி புகுந்து அமிலம் உண்டாச்சுன்னா ராடு கத்தியால வெட்டின மாதிரி பட்டுன்னு உடையும். 220 கே.வி.ன்னா கம்பி பக்கம் கொரோனா ரிங்கையும் (மின்புலம் ஜாஸ்தியாகி சுத்தி இருக்கற காத்துல மின்சாரம் கசியறதுதான் கொரோனா, அதைத் தடுக்கற வளையம்) மறக்காதீங்க, அதைத் திருப்பி மாட்டி வெச்சிருக்கறதை ஃபீல்டுல பாத்திருக்கேன்.

படி 4: கம்பிக்குக் கம்பி எவ்வளவு நெருக்கலாம்

இடி மின்னல் தாங்கறதுக்கு 132ல 650 கே.வி., 220ல 1050 கே.வி. இம்பல்ஸ் (சட்டுனு ஏறி இறங்கற வோல்டேஜ்) அளவு பொதுவா எடுப்பாங்க. ஐஇசி 60071ங்கற சர்வதேசத் தரத்தோட அட்டவணைப்படி இதுக்குக் காத்துல விடவேண்டிய குறைஞ்சபட்ச இடைவெளி 1.3 மீட்டர், 2.1 மீட்டர். அப்ப 220ல ஃபேஸுக்கு ஃபேஸ் (ஒரு சர்க்யூட்டோட மூணு கம்பியில ஒவ்வொண்ணும் ஒரு ஃபேஸ்) 2.1 வெச்சா போதுமான்னு கேட்டா, கம்பி அசையவே அசையாதுன்னு எழுதிக் குடுத்தா போதும்! நடு ஸ்பான்ல ரெண்டு கம்பியும் ஒரே மாதிரி ஆடாது, அந்த வித்தியாசத்துக்கும் சேர்த்துத்தான் 3 மீட்டர், 3.5 மீட்டர்னு போறோம்.

பலபேர் விடற இன்னொரு கணக்கு ஷார்ட் சர்க்யூட். 31.5 கிலோ ஆம்பியர் ஃபால்ட், கம்பிகளுக்கு நடுவுல 3 மீட்டர்னா ஒரு மீட்டர் கம்பியை 66 நியூட்டன் விசை வெளிய தள்ளும். கம்பியோட எடை மீட்டருக்கு 16 நியூட்டன்தான். நாலு மடங்கு! 2 மீட்டர்னா ஆறு மடங்கைத் தாண்டும். ஃபால்ட் கிளியர் ஆன உடனே தள்ளப்பட்ட கம்பி ஊஞ்சல் மாதிரி திரும்பி வரும், ரெண்டும் நடுவுல நெருங்கற நேரம் பாத்து ஆட்டோ ரீகுளோஸ் (நின்ன லைனைத் தானா திரும்ப ஆன் பண்ற ஏற்பாடு) சார்ஜ் பண்ணினா ரெண்டாவது ஃபால்ட் உறுதி. புரொடெக்ஷன் ஆளுங்ககிட்ட கிளியரிங் நேரமும் ரீகுளோஸ் நேரமும் வாங்கி ஒத்துப்பாருங்க. இடிக்குதுன்னா ஸ்பானைக் குறைங்க, இல்லன்னா நடு ஸ்பான்ல ஃபேஸுக்கு ஃபேஸ் ஸ்பேசர் இன்சுலேட்டர் போடுங்க. பனி உறையற ஊர்னா ஸ்பேசரைப் பத்தி முதல்லயே யோசிக்கணும், அங்க கம்பி மேலயும் கீழயும் குதிக்கும்.

நெருக்கறதுல ஒரு லாபமும் உண்டு. இடைவெளி 4 மீட்டர்ல இருந்து 2 ஆனா 50 ஹெர்ட்ஸ்ல ரியாக்டன்ஸ் (மாறுதிசை மின்சாரத்துக்கு லைன் காட்டற எதிர்ப்பு) கிலோமீட்டருக்கு 0.37 ஓம்ல இருந்து 0.33க்கு வரும், 12% மாதிரி குறையுது. அமெரிக்காவுல ஏஇபி கம்பெனி 2016ல ஃபோர்ட் வெய்ன் பக்கம் 345 கே.வி.ல சார்ஜ் பண்ணின போல்டுங்கற டிசைன், வில் மாதிரி வளைஞ்ச ஒரே ஆர்ம்ல கம்பிகளை முக்கோணமா நெருக்கிக் கட்டினது, உயரமும் குறைவு பவரும் கூட போகும். ஆனா ஊருக்குள்ள பத்து கிலோமீட்டர் லைனுக்கு ரியாக்டன்ஸ் குறைஞ்சதை வெச்சு யாரும் மெடல் குத்தப் போறதில்ல, அது கூடவே வர்ற கொசுறு.

கொசுறுக்குக் குடுக்கற விலை கொரோனா. நெருக்கினா கம்பி மேல்பரப்புல மின்புலம் ஏறும். ஆரம் 1.4 சென்டிமீட்டர், 132 கே.வி., இடைவெளி 2 மீட்டர்னா சென்டிமீட்டருக்கு 11 கே.வி., பயமே வேண்டாம். அதே கம்பி 220ல 3 மீட்டருக்கு வந்தா 17 கிட்ட போயிடும், 16, 17க்கு மேல விட்டா மழைநாள்ல லைன் கொதிக்கற எண்ணெய் மாதிரி சத்தம் போடும், ஜன்னல் பக்கத்துல அதை யாரும் பொறுத்துக்க மாட்டாங்க. அதனால 220ல ட்வின் பண்டில் (ஒரு ஃபேஸுக்கு ரெண்டு கம்பி), இல்லன்னா தடிமனான கம்பி. இங்க சிலபேர் கரண்ட் நிறைய போகுதேன்னு ஹை டெம்பரேச்சர் கண்டக்டர் ஒல்லியா ஒண்ணு போட்டுடுவாங்க, ஏசிஎஸ்எஸ், ஏசிசிசி எல்லாம் சூட்டுல தொய்வு கட்டுக்குள்ள வெக்கறதுக்கு நல்லதுதான், ஆனா கொரோனாவுக்குக் கம்பியோட விட்டம்தான் கணக்கு, ஆம்பியர் இல்ல.

காந்தப்புலம் பத்தி அக்கம்பக்கத்துல கட்டாயம் கேப்பாங்க, பதிலோட போங்க. ஐசிஎன்ஐஆர்பிங்கற கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச அமைப்பு 2010ல சொன்ன பொதுமக்கள் அளவு 50 ஹெர்ட்ஸ்ல 200 மைக்ரோடெஸ்லா, மின்புலம் மீட்டருக்கு 5 கே.வி. சில நாடுகள் இதைவிடக் கறாரா இருக்கு, நெதர்லாந்துல 2005ல வந்த கொள்கைப்படி புதுசா வர்ற இடங்களுக்கு ஆண்டு சராசரி 0.4 மைக்ரோடெஸ்லாவைப் பாத்தாங்க, அதை மனசுல வெச்சுத்தான் விண்ட்ராக்ங்கற ரெட்டை போல் டிசைனே வந்தது. நல்ல செய்தி என்னன்னா ஃபேஸ்களை நெருக்கினாலே புலம் குறையும், டபுள் சர்க்யூட்ல ஒரு பக்கம் மேல இருந்து ஆர், ஒய், பி (மூணு ஃபேஸோட பேரு), மறுபக்கம் பி, ஒய், ஆர்னு மாத்திக் கட்டினா தூரத்துல இன்னும் வேகமா விழும். அஞ்சு பைசா செலவு இல்ல, சப்ஸ்டேஷன் வாசல்ல ஜம்பரை (இணைப்புக் கம்பி) மாத்தறதுக்கு மட்டும் முன்கூட்டியே இடம் விடணும். ஒண்ணு, ரெண்டு சர்க்யூட்லயும் பவர் ஒரே திசையில போனாதான் இந்த வரிசை பலிக்கும், எதிரெதிரா போனா திருப்பிக் கட்டணும்.

படி 5: போல், ஃபவுண்டேஷன், எர்த்

மோனோபோல் பத்தி அதிகம் சொல்ல வேண்டியதில்ல, ஃபேக்டரியில டிசைன் பண்ணிக் குடுத்துடுவாங்க. பீஸ் பீஸா வந்து ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகற டைப்புன்னா சொருகற நீளம் விட்டத்தோட ஒண்ணரை மடங்குக்குக் குறையக் கூடாது, வளைவுப் போல் பாரம் ஏறினா உள்பக்கம் சாயும்ங்கறதால முன்கூட்டியே வெளிப்பக்கம் சாய்ச்சு நட்டுடணும், இல்லன்னா பாக்கறவங்க விழப்போகுதுன்னு கம்ப்ளெய்ன்ட் குடுப்பாங்க.

ஃபவுண்டேஷன்தான் நிஜமான சண்டை. லாட்டிஸ் டவர்ல நாலு கால் அகலமா நின்னு மொமென்டைப் பிரிச்சுக்கும், மோனோபோல்ல மொத்தமும் ஒரே இடத்துல, அதனால ஆழமா ஒரே துளை போட்டு பைல் (மண்ணுக்குள்ள இறங்கற கான்கிரீட் தூண்). கீழ தண்ணிக் குழாய், சாக்கடை, கேஸ் லைன், கேபிள் எல்லாம் ஓடும், பழைய மேப்ல இருக்கற இடத்துல அது இருக்காது, ரேடார் வெச்சுப் பாத்தாலும் கையால ஒரு சோதனைக் குழி தோண்டாம ரிக்கை இறக்காதீங்க. ஒரு மீட்டர் தள்ள வேண்டி வந்தா ஸ்பான் மாறும், வளைவுக் கோணம் மாறும், சில சமயம் பக்கத்து போலோட எடை ஸ்பானும் மாறும், அதனால குழி தோண்டி முடிச்சப்பறம்தான் போல் ஆர்டர் போடணும்னு நான் ஒத்தக்கால்ல நிப்பேன்.

மின்னலுக்கு எர்த் வயர் உச்சியில. ஆர்ம் குட்டையா இருக்கறதால ஒரே வயர் நல்லாவே மூடும். போல் எர்த் ரெசிஸ்டன்ஸை 10 ஓம்குள்ள கொண்டு வரப் பாருங்க, வரலன்னா லைன் சர்ஜ் அரெஸ்டர் (எகிறற வோல்டேஜைப் புடிச்சு மண்ணுக்கு இறக்கற சாதனம்). எல்லா ஃபேஸுக்கும் போட காசு இல்லன்னா கீழ் ஃபேஸ்ல இருந்து ஆரம்பிங்க, எர்த் வயர்ல இருந்து தூரமா இருக்கறதால போல்ல இருந்து திரும்பிப் பாயற ஃபிளாஷோவர்ல அதுதான் அதிகம் மாட்டும். டபுள் சர்க்யூட்ல ஒரு சர்க்யூட்டுக்கு மட்டும் முழுசா போட்டா கூட, ஒரே இடியில ரெண்டு சர்க்யூட்டும் ட்ரிப் ஆகறது பெருமளவு நிக்கும்.

வயல்ல நிக்கற டவரை யாரும் தொடறதில்ல, நடைபாதையில நிக்கற போல்ல ஜனங்க சாஞ்சு நின்னு போன் பேசுவாங்க. அந்த நேரத்துல ஃபால்ட் கரண்ட் போல் வழியா மண்ணுல இறங்கினா கைக்கும் காலுக்கும் நடுவுல வர்ற வோல்டேஜ் உயிரை எடுக்கற அளவுக்குப் போகலாம். போலைச் சுத்தி மண்ணுக்குள்ள எர்த் ரிங், மேல கனமா தார் அல்லது ஜல்லி, முடிஞ்சா ஆள் எட்டற உயரம் வரைக்கும் இன்சுலேஷன் பூச்சு. டச் வோல்டேஜ் கணக்கு இல்லாத டிசைனை நான் கையெழுத்துப் போட்டு அனுப்பவே மாட்டேன்.

படி 6: கட்டறவங்களையும் பாத்துக்கறவங்களையும் நினைச்சுக்கோங்க

கம்பி இழுக்கும்போது ரோட்டு மேல பாதுகாப்புச் சாரம், டிரோனால பைலட் கயிறு, டென்ஷனர் வெச்சு கம்பி தரையைத் தொடாம இழுக்கறது, இதெல்லாம் கான்ட்ராக்டருக்குத் தெரியும். டிசைனர் பாக்க வேண்டியது கிரேன் நிக்க இடம் இருக்கா, போல்ல ஏற படி ஆணி எந்தப் பக்கம்ங்கறதுதான். ஃபேஸ்களை இவ்வளவு நெருக்கிட்டா லைவ் லைன் வேலை பல இடத்துல முடியாது, ஷட்டவுன் எடுத்துத்தான் ஆகணும். டபுள் சர்க்யூட்ல ஒரு பக்கம் சார்ஜ்ல இருக்கும்போது மறுபக்கம் ஆள் ஏறினா அவர் கை நீட்டற தூரத்துக்கு இடைவெளி மிஞ்சுதான்னு வரைபடத்துல ஒரு ஆளையே வரைஞ்சு பாருங்க. விளையாட்டுக்குச் சொல்லல, நான் நிஜமாவே பேப்பர்ல ஆள் உருவம் வெட்டி வெச்சிருக்கேன்.

அப்புறம் இந்த ரப்பர் இன்சுலேட்டர். பீங்கான் மாதிரி முரட்டு சாமான்னு நினைச்சு அதுல கால் வெச்சு ஏறிடுவாங்க. ஒரு சைட்ல புது போஸ்ட்ல ஷெட்டுகளுக்கு (குடை மாதிரி நீட்டற ரப்பர் விளிம்பு) நடுவுல பூட்ஸ் தடம் பதிஞ்சிருந்தது, ஒருத்தரும் பெருசா எடுத்துக்கல, கீழ இறக்கித் துடைச்சுப் பாத்தா ஷெட்டோட அடியில நகக்கீறல் மாதிரி ஒரு கிழிசல். அது வழியா தண்ணி உள்ள போனா ராடு வரைக்கும்தான். அந்த பீஸை ஓரமா வெச்சோம், ஸ்பேர் வந்து சேர மூணு வாரம் ஆச்சு. அதனால டிராயிங்லயே ஏணி மாட்டற கொக்கி எங்கன்னு காட்டுங்க, மாட்டற வரைக்கும் பெட்டியை விட்டு வெளிய எடுக்கக் கூடாதுன்னு எழுதுங்க, ஆர்டர் போடும்போது ஒவ்வொரு டைப்லயும் ரெண்டு மூணு ஸ்பேர் சேர்த்துப் போடுங்க.